கொடுமுடிக்காரியைத் தேடி

கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுத நூலகம் செல்லும் மாணவிக்கு முதலில் கிடைப்பவர் கிட்டப்பா. அடுத்து, திரைப்பட அவ்வையார். இரண்டுக்கும் இடையில் இரவெல்லாம் நாடக மேடையில் நின்று பாடிய பெண்ணைக் காண வேறு அலமாரிகளைத் திறக்க வேண்டும்.

அவர் 1908இல் கொடுமுடியில் பிறந்தார். ஈரோடு மாவட்டம் 1979இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய பதிவுகளில் கொடுமுடி கோயமுத்தூர் ஜில்லா. இது தெரியாமல் தேடினால் பலதும் கண்ணில் படாமலே போகும்.

நாடகப் பிரதிகள் இன்னும் சிக்கல். ‘வள்ளி திருமணம்’ சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் கிடைக்கும். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தில் வேலனை வள்ளி மடக்கி மடக்கிக் கேட்ட தர்க்கம் நடிகை அங்கேயே இட்டுக்கட்டியது. பட்டியலின் ‘ஆசிரியர்’ கட்டத்தில் அவளுக்கு இடமில்லை. ஆகவே அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள். நாடகப் பாட்டுப் புத்தகம், கிராமபோன் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் என்று கேளுங்கள். பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத இந்த மலிவுத்தாள்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. அந்தத் தொகுப்பைக் கொண்டே 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தால் மெட்ராஸ் மாகாணம் வெளியிட்ட காலாண்டுப் பட்டியல்களும் உதவும். ஒரு நாடகப் புத்தகத்தின் விலை, அச்சிட்ட பிரதிகள் என்று கணக்கு அதில் இருக்கும். எவ்வளவு பேர் வாங்கிப் படித்திருப்பார்கள் என்று ஊகிக்க அது போதும்.

விமர்சனம் வேறு கதை. பத்திரிகைகளில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எழுதியவர்கள் பெரும்பாலும் படித்த நகரத்து ஆண்கள். 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாகவே நடித்தார். சம்பளம் லட்ச ரூபாய் என்பது அன்று பெரும் பேச்சு. படத்தில் மரங்களும் எருமையும் ஆடும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்று ஆனந்த விகடன் கிண்டலடித்தது. கிண்டல் சுவையானதுதான், ஒப்புக்கொள்கிறேன். இன்றும் சினிமா வரலாறுகளில் மேற்கோளாக வருகிறது. சிறுமியாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஆண்பிள்ளை வேடமும் கட்டிப் பழகிய ஒருத்தி நந்தனைப் பாடியது எப்படி இருந்தது என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் அமுங்கிப்போனது. அதைப் பாட்டுப் புத்தகத்தையும் இசைத்தட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம்தான் மறுபடி கேட்க வேண்டும்.

காங்கிரஸ் மேடைகளிலும் அவர் பாடினார். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் நடப்பில் இருந்த காலம். அதனால் அரசுக் கோப்புகளையும் புரட்டுவது நல்லது. அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். கோவையிலிருந்து ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் பக்கம்தான்.