தேனிப் படங்களில் குடும்பம்: எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

போன வாரம் நேயர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "குடும்பம், உறவு, நான் யாருங்கிற கேள்வி, இதெல்லாம் இருக்கிற படமா நாலு சொல்லுங்க. ஆனா அழுதுக்கிட்டே இருக்க முடியாது, கொஞ்சம் சிரிக்கவும் வேணும்." லிஸ்ட் போட்டுடலாம், கஷ்டம் இல்லை. ஆனா நான் தேனிக்காரன். அம்மாச்சி வீடு கம்பம் பக்கம். சென்னையில் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஓ, பாரதிராஜா ஊரா?" என்பார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அரிவாளைப் பற்றித்தான் இருக்கும். இரண்டுமே சினிமா வழியாக வந்தவை. அதனால லிஸ்டை எங்க ஊர்ப் பக்கம் திருப்பிக்கிறேன்.

1977-லிருந்து தொடங்குவோம். அல்லிநகரத்திலிருந்து சென்னைக்குப் போன பாரதிராஜா, கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக இருந்தவர். தன் முதல் படத்துக்கு அவர் அழைத்த இசையமைப்பாளர், மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா. படம் '16 வயதினிலே'. அதற்கு முன் தமிழ் சினிமாவில் கிராமம் என்றால் பெரும்பாலும் ஸ்டுடியோவில் போட்ட குடிசை செட்தான். இந்தப் படம் வெயிலில் எடுக்கப்பட்டது. ஆனா ஒரு தமாஷ் என்னன்னா, நாம எல்லாரும் 'நம்ம ஊரு'ன்னு நினைச்சுப் பார்த்த அந்த ஊர் பெரும்பாலும் கர்நாடகாவில், மைசூர், கொள்ளேகால் பக்கம் இருக்கு!

அந்தப் படத்தில் பரட்டையைத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நீங்க சப்பாணியைப் பாருங்க. கமல் நடித்த அந்த ஆளுக்கு கோபாலகிருஷ்ணன்னு ஒரு பெயர் இருக்கு, ஊரில் யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. இனி எவனாவது சப்பாணின்னு கூப்பிட்டா அறைஞ்சிடுன்னு மயில் சொல்லிக்கொடுப்பாள். அவனும் ஏதோ வீட்டுப்பாடம் செய்யிற மாதிரி, ரொம்ப சிரத்தையா அறைவான். தியேட்டரே சிரிக்கும். ஒரு மனுஷன் தன் பெயரைத் திரும்ப வாங்குற காட்சி அது, காமெடியா வந்து உட்கார்ந்திருக்கு. இதே படத்தில் காந்திமதி நடித்த குருவம்மா, மகளைத் தனியாளாக வளர்த்த அம்மா, ஊர்ப்பேச்சு தாங்காமல் செத்துப்போவாள். அதாவது குடும்பம் என்றால் காப்பாற்ற வேண்டிய மானம். அந்த மானத்தை எடை போடுவது ஊர். பின்னாடி வந்த கிராமத்துப் படங்கள் நிறைய இந்தத் தராசைத்தான் எடுத்துக்கிட்டன. அந்தப் பெயரை மறந்துட்டாங்க. என் வருத்தம் அதுதான்.

இடையில் நிறைய படம் வந்தது. 'கிழக்கே போகும் ரயில்', 'மண் வாசனை', அண்ணன் தங்கச்சிக் கதையான 'கிழக்குச் சீமையிலே'. பாருங்க, தப்பில்லை. நான் நிற்கப்போவது 1994-ல் வந்த 'கருத்தம்மா'வில்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. தேனியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர் உசிலம்பட்டி. அங்கே பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைப் பற்றி 1986-ல் 'இந்தியா டுடே' அட்டைப்படக் கட்டுரையே போட்டது. 1992-ல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-ல் அது மதுரை, தேனி மாவட்டங்களுக்கும் வந்தது. படம் இந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவில் வந்தது. பெரியார்தாசன் நடித்த மொக்கையன் வில்லன் இல்லை. வறுமையும் வரதட்சணையும் பழகிப்போன ஒரு அப்பா. சாகக் கொடுக்கப்பட்ட ஒரு மகள், வாத்தியார் ஒருவரால் தப்பித்து, வேறு பெயரில் வளர்ந்து, டாக்டராக அதே ஊருக்கு வருவாள். நான் யாருங்கிற கேள்வியை இதைவிட நேரா எந்தத் தமிழ்ப் படமும் கேட்டதா எனக்குத் தெரியலை. குடும்பநலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு குறை சொல்லணும்: பாட்டுகள் ரொம்ப அழகா இருக்கிறதால சில இடத்தில் வலி நழுவிடுது. என் அம்மாச்சி இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஏன்னு நான் கேட்கலை.

சரி, சிரிப்பு எங்கேன்னு கேட்கறீங்க. 'அழகர்சாமியின் குதிரை', 2011. பாஸ்கர் சக்தியின் கதை, சுசீந்திரன் இயக்கம். தேனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாமியின் மரக்குதிரை காணாமல் போகும். அந்த நேரம் பார்த்து உயிருள்ள குதிரை ஒன்று ஊருக்குள் வரும். சாமியே அனுப்பியதுன்னு ஊர் கட்டிப்போட்டுவிடும். ஆனா அது மலையில் சுமை தூக்கிப் பிழைக்கும் ஒருவனுடைய குதிரை. குதிரை இல்லாவிட்டால் அவன் கல்யாணமே நிற்கும்! அந்த அழகர்சாமியா நடித்த அப்புக்குட்டிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது. கதாநாயகனுக்கு எப்படித் துணை நடிகர் விருதுன்னு கேட்காதீங்க, எனக்கும் புரியலை. இதில் ஒரு சாதி மறுப்புக் காதலும் உண்டு. கடைசியில் மழை வரும் இடத்தை மட்டும் யாரும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாம பார்த்துக்கோங்க.

கவனிச்சீங்களா? குடும்பம் இங்கே மானத்திலிருந்து பிழைப்புக்கு இறங்கிடுச்சு. அதற்கு முந்தைய வருஷம் வந்த சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று'ம் இந்த ரகம்தான். விஜய் சேதுபதி நாயகனாக நடித்த முதல் படம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது சரண்யா பொன்வண்ணன் படம். தனியாளாக வெள்ளாமை பார்த்து, மகனைத் திட்டித் திட்டி வளர்க்கும் வீராயி. குருவம்மாவின் வாரிசுதான், ஆனா ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து சாகிற ஆள் இல்லை. சிறந்த நடிகை தேசிய விருது.

கடைசியா, 2018-ல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. விடியற்காலையில் கம்பத்திலும் போடியிலும் நின்றால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்க்கலாம். ஜீப் போகாத பாதையில் மூட்டையைத் தலையில் சுமந்து நடந்தவர்களின் கதை இது. ரங்கசாமிக்குச் சொந்தமா ஒரு துண்டு நிலம் வேணும், அவ்வளவுதான் ஆசை. அரிவாள் சண்டை கிடையாது. ஒரு ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருளும், அதுதான் படத்தின் பெரிய ஆக்‌ஷன் சீன். அந்தக் காட்சிக்கு என் அப்பா சோபாவிலிருந்து எழுந்து நின்னுட்டார்.

வீட்டோட உட்கார்ந்து பார்க்கிறதா இருந்தா குதிரையிலிருந்து ஆரம்பிங்க. 'கருத்தம்மா'வை மட்டும், பாட்டி பக்கத்துல இருந்தா, போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.