அன்றாடம் பழகிய துணிவு

தானியேல் சிங்கக் கெபியில் போடப்பட்ட நாளை நாம் யாரும் மறப்பதில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதும் இல்லை. எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணியருகே நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டு மன்றாடுவது அவருடைய நெடுநாள் வழக்கம். அவ்வாறு மன்றாடுவதற்குத் தடையாணை பிறந்த பின்னும் அவர் முன்பு செய்துவந்தபடியே செய்தார் என்கிறது திருமறை. கெபியில் அவரைக் காத்தவர் கர்த்தர். கெபி வாசலில் அவரைக் கலங்காமல் நிற்கவைத்தது அந்த வழக்கம். நெருக்கடி நாளில் வெளிப்படும் துணிவு, சாதாரண நாள்களில் விடாது பழகிய விசுவாசத்தின் விளைச்சல்.

நம் நாட்டில் இதற்குச் சான்று சிபில் கார்த்திகேசு. கத்தோலிக்கரான அவர் பயிற்சி பெற்ற தாதி, பிரசவம் பார்ப்பவர். ஜப்பானியர் ஆட்சியில் பேராக்கின் பாப்பான் சிற்றூரில் இருந்தபடி, காயம்பட்டு வந்த கெரில்லா வீரர்களுக்கு மறைவாக மருந்திட்டார். தடையை மீறி வானொலியில் பிபிசி செய்தி கேட்டார். 1943இல் ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பித்தாய் அவரைச் சிறைபிடித்தது. நடக்க முடியாதபடி அடித்தார்கள். பெற்ற மகளை நெருப்பின்மேல் தொங்கவிட்டு மிரட்டினார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், 1948 ஜூனில் பிரிட்டனில் தமது 48ஆம் வயதில் காலமானார். பின்னர் அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது. சிறைக்குள் அவரைத் தாங்கிய செபம் சிறையில் கற்றதன்று. நோயாளியின் வலிக்கு முகம் சுளிக்காத தாதியின் பொறுமையும் ஒரே நாளில் வந்ததன்று.

ஜொகூர்த் தோட்டங்களிலோ பெயர் பதியாத சிபில்கள் பலர். குளுவாங், சிகாமட், உலு திராம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் பால் வெட்டியவர்கள் நம் பாட்டிமார். அதே ஜப்பானியர் ஆட்சியில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. கணவனைப் பறிகொடுத்த பெண்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் லயத்து வீட்டில் ஒரு விளக்கடியில் பிள்ளைகளை உட்கார்த்தி, வேதம் வாசித்து, செபித்துவிட்டுத்தான் படுத்தார்கள். அடுத்த நாள் எழுவதற்கு அந்தக் கால்மணி நேரம் போதுமானதாக இருந்தது.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; பாடு மட்டும் உருமாறித் தொடர்கிறது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தை அதிகாலையில் பாருங்கள். மழைக்கோட்டும் தலைக்கவசமுமாக, ஒரு கால் தரையில் ஊன்றி, அங்குலம் அங்குலமாக நகரும் மோட்டார் சைக்கிள்கள். சிங்கப்பூரில் வேலை முடித்து இருட்டிய பிறகே வீடு திரும்பும் தகப்பன்மார். பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருந்து, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் தனியே சுமக்கும் தாய்மார். இந்த வாழ்வுக்குக் கைதட்டல் கிடையாது. ஆனால் நம் ஆண்டவர் ஏறக்குறைய முப்பது வயதில்தான் திருப்பணியைத் தொடங்கினார். அதுவரை நாசரேத்தில் தச்சராகவே அறியப்பட்டார். கைவேலையின் களைப்பை அறிந்தவரிடமே நாம் மன்றாடுகிறோம். சிலுவை வரை பின்வாங்காதவர் நம்மோடிருக்கிறார் என்ற உறுதிதான், வெறும் பிடிவாதத்திலிருந்து கிறிஸ்தவப் பொறுமையை வேறுபடுத்துகிறது.

இந்த உறுதி தனியொருவரிடம் நிலைப்பது கடினம். அதைத் தாங்கத்தான் திருச்சபை. வேலையிழந்த வீட்டுக்கு அரிசியோடு போய் நிற்பதும், மருத்துவமனையில் கிடப்பவர் அருகே முறைபோட்டு உட்காருவதும் வழிபாட்டின் தொடர்ச்சியே. ஆகவே அன்பர்களே, சோதனை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிராதீர்கள். குடும்ப செபத்துக்கு இன்றே ஒரு நேரம் குறியுங்கள். துவண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் கதவை இந்த வாரமே தட்டுங்கள். துணிவு வேண்டிய நாள் முன்னறிவித்து வருவதில்லை; அதற்கான பழக்கம் இன்றே தொடங்கட்டும்.