பருவத்து இனிப்பும் மடத்துச் சுவரும்

பருவத்திற்கேற்ற இனிப்பு என்பது இன்று பெரிய உணவகங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒன்றாகிவிட்டது. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்னும் பெண்மணி 'ஷே பனீஸ்' என்ற உணவகத்தைத் திறந்தார். முதல் நாள் விருந்தின் முடிவில் அங்குப் பரிமாறப்பட்டது பிளம்ஸ் பழம் பதித்துச் சுட்ட பணியாரம். அது அப்பழம் கனியும் காலம். அவ்வுணவகத்தில் இனிப்புகளின் பொறுப்பை ஏற்றிருந்த லிண்ட்சி ஷியர் பின்னர் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். என்ன இனிப்பு செய்வது என்பதைச் சந்தைக்கு அன்று வந்த பழமே தீர்மானிக்கட்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி. உலகெங்கும் இனிப்புச் சமையற்கலைஞர்கள் பலர் இன்று இந்நெறியையே பின்பற்றுகின்றனர். நல்ல நெறிதான், நாம் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இந்நெறி புதிதன்று. இதைவிடப் பழையதும் செறிவானதுமான ஒரு பள்ளி மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவில், பல நூற்றாண்டுகளாக நடந்துவந்தது. அங்கே இனிப்புக்குப் பருவம் குறித்தவை இரண்டு: ஒன்று மண், மற்றொன்று திருவழிபாட்டு ஆண்டு. அப்பள்ளியில் உழைத்தவர்களோ பெரும்பாலும் அடைபட்ட மடங்களில் வாழ்ந்த, பெயர் தெரியாத பெண்கள்.

கி.பி. 827இல் சிசிலியின் கரையில் இறங்கிய அராபியர் அத்தீவுக்குக் கொண்டுவந்த பயிர்களுள் கரும்பும் ஒன்று. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை நம் நாட்டில் பிறந்தது. வடமொழியின் 'சர்க்கரா' பாரசீகம் கடந்து, அரபு மொழியில் 'சுக்கர்' ஆகி, இத்தாலிய மொழியில் 'சுக்கெரோ' ஆயிற்று. நாம் சர்க்கரை என்று சொல்லும்போது அதே சொல்லைத்தான் வேறு திசையில் நின்று சொல்கிறோம். சர்க்கரையோடு, பாதாம் என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் வாதுமையும், ஆட்டுப்பாலிலிருந்து எடுக்கும் ரிக்கோத்தாவும் சேர்ந்தால் சிசிலியின் இனிப்புகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

இந்த ரிக்கோத்தாவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரை மீண்டும் காய்ச்சும்போது திரண்டு வரும் வெண்மையான மென்கட்டி இது. சிசிலியின் கோடை வறண்டது, புல் கருகிவிடும். இலையுதிர்கால மழைக்குப் பின்னரே மேய்ச்சல் நிலம் பசுமையாகும். ஆடுகள் குட்டி ஈன்று, பால் பெருகி வருவது குளிர்காலத்திலும் இளவேனிலிலும். அதே காலத்தில்தான் திருச்சபையின் ஆண்டில் சாம்பல் புதனும் தவக்காலமும் உயிர்ப்புப் பெருவிழாவும் வருகின்றன. அன்றைய தவக்கால ஒழுங்கு இன்றையதைப் போன்றதன்று. இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், பாலாடை, கொழுப்பு எல்லாமே விலக்கப்பட்டிருந்தன. நோன்பிருப்போர் இறைச்சியோடு முட்டையையும் பாலையும் ஏன் விலக்க வேண்டும் என்பதைப் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது 'இறையியல் சுருக்க'த்தில் தனி வினாவாகவே எடுத்து ஆராய்கிறார்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஆட்டின் மடியில் பால் நிறைந்திருக்கும்போது நாவுக்குத் தடை வருகிறது. ஆகவே தடைக்கு முந்தைய நாட்களில், பன்றிக் கொழுப்பில் பொரித்த குழல்களில் இனிப்பிட்ட ரிக்கோத்தாவை அடைத்து உண்டார்கள். இன்று உலகப் புகழ்பெற்ற 'கன்னோலி' அவ்வாறு தவக்காலத்துக்கு முந்தைய களியாட்ட நாட்களுக்கு உரியதாகவே தோன்றியது. தடை நீங்கிய உயிர்ப்பு விழாவுக்கோ, அதே ரிக்கோத்தாவைப் பஞ்சுபோன்ற பணியாரத்துக்குள் வைத்து, வாதுமை மாவால் சுற்றி, சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்களால் அணிசெய்த 'கசாத்தா' வந்தது. நம் ஊர்களில் அப்பெயரோடு விற்கும் பனிக்கூழுக்கும் இதற்கும் பெயரளவில் மட்டுமே உறவு. இவ்விரண்டுக்கும் இடையே நாற்பது நாட்கள் கொழுப்பும் பாலும் சேராத, வாதுமையும் சர்க்கரையும் மட்டும் கொண்ட, கடித்தால் பல் வலிக்கும் தவக்கால ரொட்டிகள் இருந்தன. இந்த நாற்பது நாட்கள் இல்லாவிட்டால் முன்னதும் இல்லை, பின்னதும் இல்லை.

மற்ற நாட்களும் இவ்வாறே தத்தம் இனிப்பைப் பெற்றன. மார்ச் 19ஆம் நாள் புனித சூசையப்பருக்குப் பொரித்த அப்பங்கள். கிறிஸ்து பிறப்புக்கு, கோடையில் உலர்த்தி வைத்த அத்திப்பழத்தைப் பொதிந்த வளையங்கள். டிசம்பர் 13ஆம் நாள் புனித லூசியம்மாள் திருநாளில் பலேர்மோ மக்கள் மாவால் செய்த எதையும் உண்ணாமல் அவித்த முழுக் கோதுமையை ரிக்கோத்தாவோடு கலந்து உண்பர். 1646ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் புனிதையின் திருநாளன்று தானியக் கப்பல் வந்ததாகவும், அதை அரைத்து மாவாக்கும் வரை பொறுக்க முடியாமல் மக்கள் அப்படியே அவித்து உண்டதாகவும் மரபு கூறுகிறது. கத்தானியா நகரிலோ, பிப்ரவரி 5ஆம் நாள் மறைசாட்சி புனித ஆகத்தம்மாளின் வதைக்கப்பட்ட மார்பகங்களை நினைவூட்டும் வடிவிலேயே இனிப்புகள் செய்யப்படுகின்றன. லாம்பெதுசாவின் 'சிறுத்தை' நாவலில் இவ்வகை இனிப்பைக் காணும் சிற்றரசர், இதைத் திருச்சபை எப்படித் தடை செய்யாமல் விட்டது என்று வியக்கிறார். பெண்ணுடலின் மீது இழைக்கப்பட்ட கொடுமையைப் பெண்களே நினைவில் வைத்துத் தம் கைகளால் உருட்டினர் என்பதை நினைத்தால், அச்சிற்றரசரோடு சேர்ந்து நகைக்க நமக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 2ஆம் நாள் நமக்குக் கல்லறைத் திருநாள். நாம் மெழுகுதிரியும் பூவும் கொண்டு கல்லறைக்குச் செல்கிறோம். சிசிலியிலும் செல்கின்றனர். ஆனால் அங்கே அன்று காலையில் குழந்தைகள் வீடெங்கும் தேடுவர்; இறந்துபோன பாட்டனும் பாட்டியும் இரவில் வந்து இனிப்பு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அவ்வினிப்புகளில் சிறந்தது 'மார்த்தோரானாக் கனி'. கோடையின் இறுதியில் உலுக்கி எடுத்த புது வாதுமையை அரைத்து, ஏறக்குறைய அதே எடைச் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, அத்தியாகவும் மாதுளையாகவும் எலுமிச்சையாகவும் உருவாக்கி வண்ணம் தீட்டியது அது. பெயர் தந்தது பலேர்மோவின் மார்த்தோரானா மடம். 1194இல் எலோயிசா மார்த்தோரானா என்னும் பெருமாட்டி அதை நிறுவினார். மடத்துக்குப் பெரியவர் ஒருவர் வருகை தந்தபோது தோட்டத்து மரங்கள் பழமின்றி நின்றன. கன்னியர் வாதுமை மாவால் பழங்கள் செய்து கிளைகளில் தொங்கவிட்டனர் என்பது கதை. வந்தவர் அரசர் என்பாரும் உண்டு, ஆயர் என்பாரும் உண்டு. கதை எப்படியாயினும், பருவத்து இனிப்புகளில் பெயர்பெற்ற இது பருவம் தவறிய பழத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுவது நமக்குச் சுவையாகவே இருக்கிறது.

இனி அச்சுவர்களுக்கு உள்ளே வாழ்ந்தவர்களைப் பற்றி. அடைபட்ட மடத்தின் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருக்கும். வெளியே நிற்பவர் காசை வைத்துச் சுழற்றினால் உள்ளிருந்து இனிப்பு வரும், முகம் தெரியாது. செல்வக் குடும்பங்களில் ஒரு மகளுக்கு முழுச் சீதனம் கொடுத்துவிட்டு, மற்றவர்களைக் குறைந்த சீதனத்தில் மடத்தில் சேர்ப்பது வழக்கமாயிருந்தது. அழைத்தல் பெற்று மகிழ்வோடு வந்தவர்கள் இருந்தனர். வேறு வழியின்றி வந்தவர்களும் இருந்தனர். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் மடத்தின் அடைப்பைக் கடுமையாக்கியது. அதே அமர்வில், வார்த்தைப்பாடு கொடுக்குமுன் ஆயர் அப்பெண்ணின் விருப்பத்தை ஆராய வேண்டும் எனவும், ஒரு பெண்ணை விருப்பமின்றி மடத்தில் சேரக் கட்டாயப்படுத்துவோர் சபை விலக்கத்துக்கு உரியவர் எனவும் ஆணையிட்டது. இந்த இரண்டாவது ஆணை முதலாவதைப் போல உறுதியாக நிறைவேறவில்லை. திருச்சபையின் வரலாற்றைப் படிப்போர் இதை மறைக்கத் தேவையில்லை. பொதுச்சங்கம் அவ்வாறு ஆணையிட நேர்ந்ததே அக்கொடுமை இருந்ததற்குச் சான்று.

1866ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இத்தாலிய அரசின் சட்டம் துறவற மடங்களைக் கலைத்து, அவற்றின் சொத்துகளை அரசுடைமை ஆக்கியது. நிலங்களை இழந்த கன்னியருக்கு, திருநாள்களில் கொடையாளருக்கு அனுப்பிய இனிப்புகள் பிழைப்புக்கு வழியாயின. அதனாலேயே செய்முறைகளை உயிரெனக் காத்தனர். ஒவ்வொரு மடத்துக்கும் ஓர் இரகசியம். மடம் மூடியபோது அது அம்மடத்தின் கடைசிக் கன்னியோடு புதைந்தது. எத்தனை இவ்வாறு மறைந்தனவோ, யாரால் எண்ண முடியும்!

மறையாத ஒன்று உண்டு. மேற்குச் சிசிலியில், மலை உச்சியில் எரிச்சே என்னும் ஊர். 1950களின் தொடக்கத்தில் தந்தையை இழந்த மரியா கிராமாத்திக்கோ என்னும் சிறுமியை, பல பிள்ளைகளை வளர்க்க இயலாத தாய் அவ்வூரின் சான் கார்லோ மடத்துக்கு அனுப்பினார். தங்கையும் உடன் சென்றாள். அப்போது மரியாவுக்கு வயது பதினொன்று. பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்தது வாதுமை உடைப்பது, அரைப்பது, அடுப்பெரிப்பது, தேய்த்துக் கழுவுவது. செய்த இனிப்புகள் விற்பனைக்கு உரியவை. அளவுகளைக் கன்னியர் சொல்லித்தரவில்லை. சிறுமி பார்த்தாள், மனத்தில் இருத்தினாள். 1960களின் தொடக்கத்தில் வெளியே வந்தபோது அவரிடம் வேறு கல்வியோ பொருளோ இல்லை. இந்தக் கைத்திறமையே இருந்தது. எரிச்சேயிலேயே கடை திறந்தார். பாஸ்காவுக்கு வாதுமை மாவால் செம்மறிக் குட்டி, கல்லறைத் திருநாளுக்குக் கனிகள் என மடத்தின் நாட்காட்டியே அவர் கடையின் நாட்காட்டியாயிற்று. உலகின் பல மூலைகளிலிருந்தும் சமையற்கலைஞர்கள் தேடி வந்தனர்.

அவர் வாய்மொழியாகச் சொன்னவற்றை, சிசிலியில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் மேரி டெய்லர் சிமெட்டி 1994இல் 'கசப்பு வாதுமை' என்ற பொருள்தரும் தலைப்பில் நூலாக்கினார். அந்நூலில் கன்னியர் மீது கடுமை உண்டு, அவர்கள் திறமைக்கு மரியாதையும் உண்டு. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. இல்லங்களிலும் விடுதிகளிலும் பிள்ளைகளை வளர்க்கும் பணி நம் மறைமாவட்டங்களிலும் நடப்பதால், அந்த முதற்பகுதியைப் படிக்கையில் நம்மால் எளிதாகப் பக்கம் திருப்ப இயலவில்லை.

தவக்காலத்தின் வேலியோ படிப்படியாகத் தளர்ந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு முட்டைக்கும் பாலுக்கும் தடை விதிக்கவில்லை. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு நாட்களைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்னும் இரண்டாகக் குறைத்து, எஞ்சியதை நம் மனச்சான்றிடமும் ஆயர்களிடமும் ஒப்படைத்தார். கன்னோலி இப்போது ஆண்டு முழுவதும் கிடைக்கிறது; மார்த்தோரானாக் கனியும் அவ்வாறே. குளிர்பதனப் பெட்டி இருக்கும்போது ஆட்டின் பருவத்துக்கு யார் காத்திருப்பர்?

மார்த்தோரானா ஆலயம் நிற்கும் அதே சதுக்கத்தில் தோமினிக்குக் கன்னியரின் புனித கத்தரீனம்மாள் மடம் இருக்கிறது. இறுதிக் கன்னியர் 2014இல் அங்கிருந்து அகன்றனர். 2017இல் அதன் சமையலறையில் மீண்டும் அடுப்பு மூட்டப்பட்டது. பலேர்மோவின் பல மடங்களுக்கு உரிய இனிப்புகளைப் பொதுநிலைப் பெண்கள் செய்து விற்கத் தொடங்கினர். வாங்குவோர் முற்றத்தின் நீரூற்றருகே அமர்ந்து உண்கின்றனர். விற்பவரின் முகம் இப்போது தெரிகிறது. எரிச்சேயில் பிள்ளைகளுக்கு மறைக்கப்பட்ட அளவுகளோ, 'கசப்பு வாதுமை' நூலின் பிற்பகுதியில் வாதுமை இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என அச்சாகியுள்ளன.