கண்மாயும் டாங்கியும்

ஆங்கிலேயர் மதுரைச் சீமையின் நிலவரிக் கணக்குகளை எழுதியபோது கண்மாய், ஏரி, ஊருணி, தெப்பக்குளம் என நாம் வேறுவேறு பெயரிட்டு அழைத்த நீர்நிலைகள் யாவற்றையும் 'டாங்க்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தேக்கத்தைக் குறிக்க வழங்கிய சொல்லும், போர்த்துக்கீசியர் கொண்டுவந்த 'தாங்க்கெ' என்ற சொல்லும் கலந்து அது உருவாகியிருக்கலாம் என்பர் அகராதியியலார். 1915ஆம் ஆண்டின் இறுதியில், பதுங்குகுழிகளையும் முள்கம்பி வேலிகளையும் தாண்டிச் செல்லக்கூடிய இரும்பு ஊர்தியொன்றை பிரிட்டன் ரகசியமாகச் செய்துகொண்டிருந்தது. அதன் உண்மைப் பயன் வெளியே தெரியாதிருக்க, அது தண்ணீர்த் தொட்டி என்பதாகத் தோன்றும்படி பெயர் வைத்தனர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அத்தொட்டிகள் முதன்முதலாக நகர்ந்தன. இந்திய நீர்நிலையின் பெயரைச் சுமந்த சொல் 'டாங்கி' என்னும் உருவில் தமிழுக்குத் திரும்பி வந்தபோது அதில் நீரின் ஈரம் மிச்சமிருக்கவில்லை.

அந்த டாங்கியைக் கையளவாகச் சிறிதாக்கி, அதன்மீது துருவையும் சேற்றையும் தூரிகையால் ஏற்றி, ஒரு நிலக்காட்சியின் நடுவே நிறுத்தி வைக்கும் கலை ஒன்று உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. அக்காட்சியமைப்பை 'டயோராமா' என்கிறார்கள். 1822இல் பாரீசில் தாகேர், மாபெரும் திரைச்சீலை ஓவியங்களின்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகல் இரவாவதைக் காட்டிய அரங்குக்கு வைத்த பெயர் அது. பின்னாளில் அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்கும், அதன்பின் பொழுதுபோக்குக் கலைஞர்களின் மேசைகளுக்கும் அச்சொல் இறங்கி வந்தது. மண்ணால் உருவம் செய்வதையும் உருவங்களைக் காட்சியாக அடுக்குவதையும் பல தலைமுறைகளாக அறிந்த மதுரைச் சமவெளியில் இருந்துகொண்டு இக்கலையின் வரலாற்றைப் பார்ப்பது நமக்குச் சில கேள்விகளைத் தருகிறது.

இன்றைய மாதிரி டாங்கியின் அளவை நிர்ணயித்ததில் ஜப்பானின் தமியா நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. 1960களின் தொடக்கத்தில் அது ஜெர்மனியின் பான்தர் டாங்கியை பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. அம்மாதிரி மோட்டாரால் ஓடவேண்டும். அதற்கான மின்கலங்கள் உள்ளே அடங்கவேண்டும். அவை அடங்கும்படி உடலை வரைந்த பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது அது மூலத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அந்தத் தற்செயலே 1/35 என்ற விகிதமாக நிலைத்தது. ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளமுள்ள டாங்கி இதில் இருபத்து மூன்று சென்டிமீட்டராகும். ஒரு மனிதன் ஐந்து சென்டிமீட்டராவான். 1970களில் அமெரிக்கரான ஷெப் பெய்ன், பெல்ஜியரான பிரான்சுவா வெர்லிண்டன் போன்றோரின் கைகளில் இது விளையாட்டுப் பொருள் என்ற நிலையைக் கடந்தது. டயோராமா ஒரு கதை சொல்லவேண்டும் என்பது பெய்னின் கொள்கை. 1980இல் வெளிவந்த அவரது செய்முறை நூல் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக அமைந்தது.

இக்கலையின் உயிர்நிலை, ஒட்டி முடித்த பிறகு தொடங்கும் 'முதுமையூட்டலில்' இருக்கிறது. முதலில் அடிப்பூச்சு; அதன்மேல் ராணுவப் பச்சையோ மணல் நிறமோ. அடையாள எண்களை ஒட்டிப் பளபளப்பு வார்னிஷ் பூசியபின், டர்பன்டைனில் மிகவும் கரைத்த கரும்பழுப்பு வண்ணத்தைப் படரவிடுவார்கள். அது ஆணித்தலைகளைச் சுற்றியும் பலகை இடுக்குகளிலும் ஓடித் தங்கி, பல மாதத்து அழுக்கின் நிழலைத் தரும். பிறகு ஈரம் அனேகமாகத் துடைக்கப்பட்ட தூரிகையால் விளிம்புகளை மெல்ல வருடினால், தேய்ந்த முனைகள் வெளுத்துத் தெரியும். துருநிறத்தின்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் படரவிட்டு, அதன்மேல் பச்சை பூசி, உலர்ந்ததும் நீரில் நனைத்த தூரிகையால் தேய்த்தால், ஸ்பிரே கரைந்து மேற்பூச்சு செதில் செதிலாக உரியும். உள்ளிருந்து துரு எட்டிப் பார்க்கும். இறுதியாக வண்ணத் தூள்கள். புழுதி எங்கே படியும், சேறு எங்கே தெறிக்கும் என்பதறிந்து அவற்றை வைக்கவேண்டும்.

இங்கேதான் கைவினை வரலாற்றுக்கு அருகில் வருகிறது. ஒவ்வொரு கீறலுக்கும் காரணம் வேண்டும். வீரர்கள் ஏறி இறங்கும் இடத்தில் வண்ணம் தேயும். எவரும் தொடாத இடத்தில் அப்படியே இருக்கும். எரிபொருள் ஊற்றும் துளையைச் சுற்றி எண்ணெய்க் கறை படியும். போருக்கு வந்த சில வாரங்களிலேயே அழிந்துபோன டாங்கியின் உடல் முழுவதையும் துருவால் மூடுவது, சான்றில்லாமல் வரலாறு எழுதுவதற்கு ஒப்பானது. நல்ல கலைஞன் நிழற்படங்களையும் படைப்பிரிவுக் குறிப்புகளையும் தேடிப் பார்த்த பிறகே தூரிகையை எடுக்கிறான்.

மண்ணின் நிறம் அதைவிட முக்கியம். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் அசல் உத்தரில் நடந்த போரை எடுத்துக்கொள்வோம். பாகிஸ்தானின் அமெரிக்கத் தயாரிப்பான பாட்டன் டாங்கிகள் அன்று வலிமைக்குப் பேர்போனவை. இந்தியத் தரப்பு கால்வாய் நீரை வயல்களில் திருப்பிவிட்டது. கரும்புத் தோட்டங்களின் மறைவில் தன் டாங்கிகளை நிறுத்தியது. ஈரமண்ணில் பாட்டன்கள் தடுமாறின. பல புதைந்து நின்றன. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியால் அடுத்தடுத்து டாங்கிகளை வீழ்த்தி உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்கு மறைவுக்குப்பின் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. சிதைந்தும் கைப்பற்றப்பட்டும் கிடந்த ஊர்திகளை வரிசையாக நிறுத்திய இடம் 'பாட்டன் நகர்' என்றே பெயர் பெற்றது. இப்போரை டயோராமாவாக்குபவன் டாங்கியின் சங்கிலித் தடத்தில் உலர்ந்த பாலைப் புழுதியைப் பூசினால், அந்த வெற்றியின் காரணத்தையே அழித்துவிடுவான். அங்கே டாங்கியை நிறுத்தியவற்றுள் நீரும் ஒன்று.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வடிவமைத்து, சென்னையை அடுத்த ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1960களின் நடுப்பகுதி முதல் தயாரிக்கப்பட்ட 'விஜயந்தா'வே இந்தியாவில் பெருமளவில் உற்பத்தியான முதல் டாங்கி. 1980கள்வரை ஏறத்தாழ 2,200 ஊர்திகள் உருவாயின. 1971 போரிலும் அவை பங்கேற்றன. ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் இன்று நாட்டின் பல நகரங்களில் நாற்சந்திகளிலும் நிறுவன வளாகங்களிலும் மேடையேறி நிற்கின்றன. விழாக்காலம்தோறும் அவற்றுக்குப் புது வண்ணம் அடிக்கப்படுகிறது. நாம் வியப்பது இந்த முரணைத்தான். போரைக் கண்ட இரும்பு புத்தம் புதியதாகப் பளபளக்கிறது. போரையே காணாத பிளாஸ்டிக் தழும்புகளோடு நிற்கிறது. தழும்புகளை மறைப்பது அரசின் நினைவு. தழும்புகளைக் கற்பிப்பது தனிமனிதனின் நினைவு. இரண்டுக்கும் இடையே, அந்த ஊர்திக்குள் வியர்த்துக் கிடந்தவன் காணாமற் போகிறான்.

மதுரைக்குத் தென்மேற்கே, பசுமலையை அடுத்து விளாச்சேரி இருக்கிறது. சூரியநாராயண சாஸ்திரி என்ற தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்த ஊர் அது. சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று கவலைப்பட்ட ஒருவரின் ஊரில், மண் எங்கிருந்து வரும் என்று கவலைப்படும் வேளார் குடும்பங்கள் வாழ்கின்றன. களிமண்ணைச் சலித்துப் பிசைந்து, இரு பாதி அச்சுகளில் அழுத்தி, இணைத்து, நிழலில் உலர்த்தி, சூளையிட்டு, வண்ணம் தீட்டிக் கொலு பொம்மைகள் செய்கிறார்கள். இன்று காகிதக் கூழும் பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் சேர்ந்துவிட்டன. கிறிஸ்துமஸ் குடில்களுக்கான உருவங்களும் இங்கே உருவாகின்றன. கல்யாண செட், கிராம செட் என்று விற்பவை யாவும் டயோராமாக்களே. கொலுப் படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகோ கடுகோ விதைத்து முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி நம் வீட்டுப் பிள்ளைகள் அமைத்த பூங்காவும் அவ்வினத்ததே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கொலு பொம்மைக்கு முதுமை கிடையாது. செட்டியார் பொம்மையின் கன்னத்தில் சிவப்பு மங்கினால் அடுத்த புரட்டாசிக்குள் அதைப் புதுப்பித்துவிடுவார்கள். அது மங்கலத்தின் உலகம். அங்கே காலம் நுழைவதில்லை.

காலம் நுழைய அனுமதிக்கப்பட்ட இடம் ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரையில் இருக்கிறது. அய்யனார் கண்மாயின் காவலர். இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றி வருபவர். அவருக்குப் புரவி எடுக்க முடிவு செய்த ஊரார் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். அந்தக் கைப்பிடி மண்ணே ஒப்பந்தப் பத்திரம். வேளார் விரதமிருந்து செய்த புரவி ஊர்வலமாக வந்து கோயில் முன் நிற்கும். அதன்பின் எவரும் அதைப் பழுது பார்ப்பதில்லை. வெயிலில் வண்ணம் வெளிறும், மழையில் பாசி படரும், காது உதிரும், கால் உடையும். பழைய புரவிகளை அகற்றாமலே பக்கத்தில் புதியவை வந்து சேரும். கண்மாய் மண்ணால் செய்யப்பட்ட, கண்மாயைக் காக்கும் காவலனின் போர் ஊர்தி, மெல்ல மண்ணாகவே திரும்புகிறது. மாதிரிக் கலைஞன் ஓரிரு வாரங்களில் ஸ்பிரேயாலும் வண்ணத் தூளாலும் அடைய முயல்வதை இங்கே ஐம்பது மழைக்காலங்கள் செய்து முடிக்கின்றன.

மதுரையிலேயே, மாதிரிகளின் எல்லையை உணர்த்தும் ஒரு பொருளும் உண்டு. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், காந்தி கொல்லப்பட்டபோது அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடை கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்தக் கறையை எந்தத் தூரிகையும் இடவில்லை. அதன்முன் நிற்பவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்துகிறார்கள். ஒரு மாதிரியால் அப்படியொரு மௌனத்தைக் கேட்டுப் பெற முடியாது. பார்ப்பவனைக் குனியவைத்து, இது எப்படி நேர்ந்தது என்று கேட்கவைக்க மட்டுமே முடியும். நேர்மையாகச் செய்யப்பட்டால் அதுவே போதுமான பணி.

இனி நம் முன் இருக்கும் கேள்வி மண்ணைப் பற்றியது. விளாச்சேரியின் சூளைக்கும் அய்யனாரின் புரவிக்கும் கண்மாய்க் களிமண் வேண்டும். மதுரையைச் சுற்றிய நீர்நிலைகள் பல, பெயரில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்கும் உலகனேரியின் பெயரில் ஓர் ஏரி இன்னும் ஒலிக்கிறது. மண்பாண்டத் தொழிலாளர் நீர்நிலைகளில் மண் எடுக்க வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி பெறலாம் என 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது நல்லதே. ஆனால் எடுப்பதற்குக் கண்மாய் இருக்கவேண்டும். டாங்க் என்ற சொல்லிலிருந்து நீர் வடிந்துபோனதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. கண்மாயிலிருந்து நீர் வடிந்துபோவதற்கு நம் அசட்டையே போதும். அப்படி வடிந்துவிட்டால், வருங்காலத்தில் எவரேனும் மதுரைச் சமவெளியை டயோராமாவாக அமைக்கையில் மேலூர்ச் செம்மண்ணையும் திருமங்கலத்துக் கரிசலையும் வண்ணத் தூளாகக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கண்மாய்க்கு மட்டும் ஒரு கண்ணாடித் துண்டைத்தான் வைக்கவேண்டியிருக்கும்.