காற்புள்ளி கடந்து வந்த பாதை

நேரில் பேசுவோனுக்குக் குரல் உண்டு; கையசைவு உண்டு; முகக்குறிப்பு உண்டு. கேட்போனுக்கு ஐயம் எழுந்தால், இடைமறித்துக் கேட்கவும் இயலும். ஏட்டில் எழுதப்பட்ட சொல்லுக்கோ இத்துணைகளுள் ஒன்றும் இல்லை. எழுதியவன் அருகில் இல்லாத குறையை நிறைப்பதற்காகத் தோன்றியவையே நிறுத்தற் குறிகள். ஆங்கில எழுத்தில் இன்று வழங்கும் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலியவை ஒருவர் ஒரே நாளில் வகுத்தவை அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அவற்றிற்கு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தோர்க்கு, இக்குறிகளை எங்கே இடுவது, எங்கே இடாது விடுவது என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிது.

மூச்சுக்கு இட்ட புள்ளி

பண்டைக் கிரேக்கர் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுத்துகளைத் தொடர்ந்து எழுதி வந்தனர். அக்காலத்தில் படித்தல் என்பது பெரும்பாலும் வாய்விட்டுப் படித்தலே. ஆகவே, எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்பதைப் படிப்போனே முன்கூட்டி ஆராய்ந்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கி.மு. 200ஐ ஒட்டி எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக விளங்கிய அரிஸ்தோபனிஸ் என்னும் இலக்கண அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார் என்பது மரபு. வரியின் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என இடத்தால் வேறுபட்ட மூன்று புள்ளிகளை அவர் வகுத்தார். எத்துணை நேரம் நிறுத்துவது என்பதை அப்புள்ளிகள் படிப்போனுக்கு உணர்த்தின.

'கொம்மா', 'கோலோன்', 'பெரியோதோஸ்' என்னும் கிரேக்கச் சொற்கள் முதலில் குறிகளின் பெயர்கள் அல்ல. துண்டு, உறுப்பு, முழுத்தொடர் எனப் பேச்சின் பகுதிகளுக்கு வழங்கிய பெயர்கள் அவை. நம் இலக்கணத்தார் கூறும் ஆகுபெயர் போல, பகுதியின் பெயர் பின்னர் அப்பகுதியின் முடிவில் நிற்கும் குறிக்கு ஆகி வந்தது. இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'காமா', 'கோலன்', 'பீரியட்' என்பவை அவற்றின் வழித்தோன்றல்களே.

உரோமர் ஆட்சியில் இம்முறை நெடுங்காலம் போற்றுவாரின்றிக் கிடந்தது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில், 636இல் மறைந்த செவில் நகர்ப் பேராயர் இசிதோர், தம் கலைக்களஞ்சிய நூலில் மூன்று புள்ளிகளை மீண்டும் எடுத்து விளக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் அயர்லாந்து நாட்டுத் துறவியர் செய்த மாற்றம் இன்னும் பெரிது. அவர்கள் சொற்களுக்கு இடையே வெளி விட்டு எழுதத் தொடங்கினர். அவர்கள் எழுதியது இலத்தீன். அஃது அவர்களுடைய தாய்மொழி அன்று. பிறந்தது முதல் பேசி வந்த மொழியாயின், எழுத்து வரிசையைக் கண்டவுடன் சொல் புலப்பட்டுவிடும். கற்றுக்கொண்ட மொழியில் அவ்வாறு புலப்படுவதில்லை. எனவே தமக்கும் தம் மாணவர்க்கும் உதவியாக அவர்கள் இடைவெளி விட்டனர். ஐரோப்பிய எழுத்து முறையின் மிகப் பெரிய சீர்திருத்தம், அயல்மொழியைக் கற்றுக் கற்பித்தோர் கையால் நிகழ்ந்தது என்பது ஆசிரியர் உலகம் நினைந்து மகிழத்தக்க செய்தியாகும்.

அச்சுக்கூடம் செய்த மாற்றம்

கையால் எழுதிய காலத்தில் குறிகள் ஊருக்கு ஊர், மடத்துக்கு மடம் வேறுபட்டன. அச்சுக்கலை தோன்றிய பின்னர் அவ்வேற்றுமை குறையலாயிற்று. இங்கிலாந்தில் 1476இல் அச்சுக்கூடம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், காற்புள்ளிக்கு மாறாகச் சாய்கோடு ஒன்றையே பயன்படுத்தினார். வெனிசு நகரத்து அச்சாசிரியர் ஆல்டஸ் மனூத்தியஸ் 1490களில் வெளியிட்ட நூலில் அரைப்புள்ளி முதன்முதலாக அச்சேறியது. சாய்கோடு வரியின் அடிக்கு இறங்கி, வளைந்து, இன்றைய காற்புள்ளியாக மாறி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில நூல்களிலும் இடம்பெற்றது.

ஆல்டசின் பேரரும் அச்சாசிரியரே. அவர் 1560களில் வெளியிட்ட நூலில், தொடரின் அமைப்பைத் தெளிவாக்குவதே குறிகளின் பணி என்னும் கருத்தை நிறுவினார். நூலை வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் படிப்போர் பெருகிய காலம் அது. கண்ணுக்கு மூச்சு வாங்கும் தேவை இல்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்று காட்டும் வழித்துணையே அதற்குத் தேவை.

எனினும் பழைய கொள்கை எளிதில் மறையவில்லை. 1795இல் வெளிவந்து, பல தலைமுறைகள் பள்ளிகளில் பயின்ற லிண்ட்லி மர்ரேயின் ஆங்கில இலக்கணம், குறிகளை நிறுத்தும் கால அளவாகவே விளக்கியது. காற்புள்ளியினும் அரைப்புள்ளி இரு மடங்கு. அதனினும் முக்காற்புள்ளி இரு மடங்கு. அதனினும் முற்றுப்புள்ளி இரு மடங்கு என்பது அவர் வகுத்த கணக்கு. தமிழில் கால், அரை, முக்கால், முற்று எனப் பெயரிட்டதிலும் இக்கால அளவுக் கொள்கையின் நிழலைக் காணலாம்.

நிறுத்தமும் பொருளும்

இன்றைய ஆங்கில வழக்கு பொருளையே முதன்மையாகக் கொள்ளும். மூச்சை மட்டும் நம்பிக் காற்புள்ளி இடுவோர் பிழைபடும் இடங்கள் மூன்றினை இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவது, எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே இடும் காற்புள்ளி. எழுவாய் நீண்டு பல சொற்களால் ஆனதாயின், படிப்போன் அதன் முடிவில் இயல்பாகவே சற்று நிற்பான். ஆயினும் அங்கே காற்புள்ளி இடுதல் இன்றைய வழக்கில் பிழையாகும். ஒன்றோடொன்று பிணைந்த இரண்டினை அது பிரித்துவிடும்.

இரண்டாவது, தனித்து நிற்கவல்ல இரண்டு முழுத்தொடர்களைக் காற்புள்ளி ஒன்றினால் மட்டும் ஒட்டுதல். அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். அன்றேல், காற்புள்ளியோடு ஓர் இணைப்புச்சொல் வேண்டும்.

மூன்றாவது, பெயருக்குப் பின் வரும் அடைத்தொடர். 'தாமதமாக வந்த மாணவர்கள் வெளியே நின்றனர்' என்னும் கருத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது, அடைத்தொடர் 'மாணவர்கள்' என்னும் சொல்லுக்குப் பின்னே வரும். இருபுறமும் காற்புள்ளி இன்றி எழுதினால், தாமதமாக வந்தவர் மட்டுமே வெளியே நின்றனர் என்பது பொருள். இருபுறமும் காற்புள்ளி இட்டாலோ, மாணவர் அனைவருமே தாமதமாக வந்தனர், அனைவருமே வெளியே நின்றனர் என்றாகும். சொற்கள் மாறவில்லை, இரண்டு சிறு குறிகளால் குற்றவாளிகளின் தொகை மாறிவிடுகிறது.

நீதிமன்றம் ஏறிய குறி

இத்தகைய வேற்றுமை பள்ளித் தாளோடு நிற்பதில்லை. 1916இல் இலண்டனில் சர் ரோஜர் கேஸ்மென்ட் மீது நடைபெற்ற அரசத் துரோக வழக்கு இதற்குச் சான்று. அயர்லாந்தின் விடுதலையை நாடிய அவர், முதல் உலகப் போரின்போது ஜெர்மனிக்குச் சென்று, அங்கே சிறைப்பட்டிருந்த அயர்லாந்து வீரர்களைப் பிரிட்டனுக்கு எதிராகத் திரட்ட முயன்றார் என்பது குற்றச்சாட்டு. வழக்குக்கு ஆதாரமாக அமைந்தது 1351ஆம் ஆண்டில் நார்மன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட சட்டம். மன்னருடைய நாட்டில் அவருடைய பகைவரைச் சார்ந்து நின்று, நாட்டிலோ வேறிடத்திலோ அவர்களுக்கு உதவி புரிதல் குற்றம் என்பது அதன் கருத்து. 'வேறிடத்திலோ' என்பது உதவியை மட்டும் தழுவுமா, சார்ந்து நிற்றலையும் தழுவுமா என்பதே வினா. முன்னதாயின், நாட்டுக்கு வெளியே அவர் செய்த செயல் இச்சட்டத்துள் அடங்காது என்று எதிர்வாதம் செய்யப்பட்டது. நீதிபதிகள் இருவர் பழைய தோலேட்டையே நேரிற் சென்று பார்வையிட்டனர். முடிவு கேஸ்மென்ட்டுக்கு எதிராயிற்று. 1916 ஆகஸ்டு 3ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். காற்புள்ளி ஒன்றே அவர் உயிரைக் கொண்டது என்று கூறுதல் மிகையாகும். முன்னைய சட்ட அறிஞர்கள் கொண்ட பொருளையே நீதிமன்றம் பெரிதும் தழுவியது. ஆயினும், தொடரின் எப்பகுதி எதனோடு சேரும் என்னும் இலக்கண வினா, ஒரு மனிதனின் உயிரைத் தீர்மானிக்கும் வினாவாகவும் நின்றது என்பதை மறுத்தற்கில்லை.

அண்மைக் காலத்தில் உழைப்பாளிகளுக்கு உதவிய குறியும் உண்டு. அமெரிக்காவின் மேயின் மாநிலத்தில், ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர் சிலர் மிகைநேர ஊதியம் கோரி 2014இல் வழக்குத் தொடுத்தனர். எவ்வெத் தொழிலுக்கு மிகைநேர ஊதியம் இல்லை என்று மாநிலச் சட்டம் பட்டியலிட்டிருந்தது. பதப்படுத்தல், உலர்த்தல், சேமித்தல் எனத் தொடர்ந்த அப்பட்டியலின் இறுதியில், பொதிதலும் பகிர்ந்தளித்தலும் இருந்தன. 'அல்லது' என்னும் பொருள்தரும் சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லை. ஆகவே, 'அனுப்புவதற்காகவோ பகிர்ந்தளிப்பதற்காகவோ பொதிதல்' என்னும் ஒரே தொழிலையே அது குறிக்கும்; தாங்கள் பகிர்ந்தளிப்போரேயன்றிப் பொதிவோர் அல்லர் என்று ஓட்டுநர் வாதிட்டனர். சட்டம் ஐயத்துக்கு இடம் தருகிறது என்று கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2017 மார்ச்சில் அவர்கள் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2018இல் 50 இலட்சம் டாலருக்கு வழக்கு இணக்கமாக முடிந்தது. மாநில அரசு அப்பட்டியலைத் திருத்தி, தொழில்களுக்கு இடையே அரைப்புள்ளிகளை இட்டது.

தமிழும் குறிகளும்

ஓலையில் எழுதிய தமிழுக்கு இக்குறிகள் இல்லை. ஆயினும் தமிழ் தடுமாறவில்லை. காரணம் யாதெனின், ஆங்கிலம் குறிகளால் செய்யும் பணியைத் தமிழ் பெரும்பாலும் சொல்லுக்குள்ளேயே செய்துவிடுகிறது. 'வந்தானா' என்பதன் ஆகாரமே வினாக்குறி. 'என்று' என்னும் சொல்லே மேற்கோளின் எல்லை. 'அரிசியும் பருப்பும் உப்பும்' என்புழி உம்மையே பட்டியலைக் கட்டுகிறது. வினைமுற்று வந்து நின்றால் தொடர் முடிந்தது என்பது பெரும்பாலும் வெளிப்படை. 19ஆம் நூற்றாண்டில் அச்சு உரைநடை பெருகியபோது, மேனாட்டுக் குறிகளை முறைப்படத் தமிழில் வழங்கிய முன்னோடியாக யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) போற்றப்படுகிறார்.

ஆங்கிலத்திலோ சொற்கள் நிற்கும் இடமும், அவற்றிடையே நிற்கும் குறியுமே உறவைக் காட்ட வேண்டியுள்ளன. தமிழ் மாணவன் ஆங்கிலக் குறிகளில் இடறுவதற்கு இஃது ஒரு காரணம். அவனுடைய தாய்மொழியில் அப்பணியை உருபும் இடைச்சொல்லும் செய்து பழக்கிவிட்டன. ஆகவே அவன் இடறுவதை அறியாமை என்று ஒதுக்குதல் முறையன்று. இரு மொழிகளின் இயல்பு வேற்றுமையை அவனுக்கு எடுத்துக் காட்டுதலே முறை. உம்மை செய்த வேலையைக் காற்புள்ளி செய்கிறது என்றும், 'என்று' செய்த வேலையை மேற்கோட்குறி செய்கிறது என்றும் ஒப்பிட்டுச் சொன்னால், பழகிய பொருளைக் கொண்டே பழகாத பொருளை அவன் பற்றிக்கொள்வான்.

வாய்விட்டுப் படிக்கும் பயிற்சிக்கு மூச்சின் அளவு இன்றும் வேண்டியதே. எழுதும் பயிற்சிக்கு அது போதாது. 'எங்கே நிறுத்துவாய்?' என்று கேட்பதோடு நில்லாமல், 'எது எதனோடு சேரும்?' என்றும் மாணவனைக் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கண்டபின் இடப்படும் குறி, எழுதியவன் இல்லாத இடத்திலும் அவன் கருதிய பொருளைக் காத்து நிற்கும்.