வாடகை கொடுப்பவரின் உரிமை: வயல்வெளிச் சட்டம் மாடி வீட்டுக்கு வந்த கதை

தண்ணீர், விளக்கு, வெப்பம், கழிவுநீர் வசதி ஆகியவற்றைத் தருவதாகச் சொல்லி ஒருவர் தம் வீட்டை வாடகைக்கு விடுகிறார். குடிபுகுந்த பின்னர் அவற்றுள் ஒன்றும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. குடியிருப்பவர் என்ன செய்யலாம்? வாடகையை நிறுத்தி வைக்கலாமா? சந்தையில் பொருள் வாங்கியவரைக் கேட்டால், பொருள் வராதபோது விலை எதற்கு என்று உடனே விடை சொல்வார். ஆனால் ஆங்கிலச் சட்டம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு நேர்மாறான விடையையே சொல்லி வந்தது. அவ்விடை தோன்றிய இடம் வீடன்று, வயல்வெளி என்பதை அறிந்தால்தான் அதன் பிடிவாதம் விளங்கும்.

1647ஆம் ஆண்டு தீர்ப்பான பாரடைன் எதிர் ஜேன் என்னும் வழக்கை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. ஜேன் என்பவர் குத்தகைக்கு எடுத்த நிலத்தை இளவரசர் ரூப்பர்ட்டின் படை கைப்பற்றி, அவரை வெளியேற்றிவிட்டது. விளைச்சலும் இல்லை, வருமானமும் இல்லை. ஆகவே வாடகை கொடுக்க இயலாது என்றார் அவர். ரூப்பர்ட்டை அரசரின் பகைவர் என்றும் தம் வாதத்தில் குறித்தார். உண்மையில் ரூப்பர்ட் அரசரின் சகோதரி மகன்; அரசரின் படைத்தலைவர்களுள் ஒருவர். ஆனால் வழக்கு எழுந்த நாளில் வெற்றி பெற்றிருந்த கட்சி வேறாயிற்றே! எப்படியாயினும், நீதிமன்றம் ஜேனுக்கு இரங்கவில்லை. நிலத்தின் இலாபம் குத்தகைதாரருக்கு என்றால் நட்டமும் அவருக்கே என்றது.

இதன் அடிப்படைக் கருத்து யாதெனில், குத்தகை என்பது ஒரு நிலப்பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்குவது போன்றது. நிலம் கைக்கு வந்துவிட்டால் வாடகைக் கடன் பிறந்துவிடுகிறது. நிலச்சொந்தக்காரர் வேறு என்ன வாக்குக் கொடுத்திருந்தாலும் அது தனிக் கயிறு. வாடகை தனிக் கயிறு. இரண்டுக்கும் முடிச்சு இல்லை. அவர் வாக்குத் தவறினால் தனியே வழக்குத் தொடுக்கலாம். அதுவரை வாடகையைச் செலுத்தியே தீரவேண்டும். உழவர் ஒருவருக்கு இது பெரிய கொடுமையாகத் தோன்றியிராது. அவருக்கு வேண்டியது மண். அதன் நடுவே இருந்த குடிசையை அவரே கூரை வேய்ந்து, சுவர் பூசிக்கொள்வார்.

இந்தச் சட்டம் வீட்டுக்குள் நுழைந்தபோது உண்டான குழப்பத்தை 1843ஆம் ஆண்டு வழக்குகள் நன்கு காட்டுகின்றன. பிரைட்டன் என்னும் கடலோர ஊரில் சர் தாமஸ் மாரபிள் குடும்பத்தார் தட்டுமுட்டுச் சாமான்களுடன் கூடிய ஒரு வீட்டைச் சில வாரங்களுக்கு வாரம் 8 கினி வாடகையில் எடுத்தனர். உள்ளே போனால் மூட்டைப்பூச்சி! ஒரு வார வாடகையைக் கொடுத்துவிட்டு வெளியேறினர். மீதி வாடகைக்கு வழக்கு வந்தது. சாமான்களுடன் விடப்படும் வீடு குடியிருக்கத் தக்கதாய் இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை என்று கூறி, எக்ஸ்செக்கர் நீதிமன்றம் மாரபிளை விடுவித்தது.

அதே ஆண்டில் அதே நீதிமன்றத்தின் முன் மற்றொரு வழக்கு வந்தது. ஒருவர் 24 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை 7 மாதங்களுக்கு எடுத்து மாடுகளை விட்டார். எருவோடு கலந்து வந்த வண்ணப்பூச்சுக் கழிவைத் தின்ற மாடுகள் சில செத்தன. நிலத்துக்கு அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை, வாடகை கொடு என்றது நீதிமன்றம். விரைவிலேயே ஹார்ட் எதிர் வின்ட்சர் என்ற வழக்கில், சாமான் இல்லாத வெறும் வீட்டுக்கும் மேய்ச்சல் நிலத்தின் விதியே பொருந்தும் என்று முடிவாயிற்று. அங்கேயும் முறையீடு மூட்டைப்பூச்சியைப் பற்றியதுதான். ஆக, நாற்காலி மேசையோடு வாடகைக்கு எடுத்த செல்வருக்குச் சட்டம் துணை நின்றது; நாற்காலி இல்லாத வீட்டில் வாழ்ந்த ஏழைக்குக் கைவிரித்தது.

இதைவிடப் பழைய தீர்ப்பு ஒன்றும் உண்டு. 1591இல் டெய்லர் எதிர் பீல் என்னும் வழக்கில், சொந்தக்காரர் செய்ய ஒப்புக்கொண்ட பழுதுபார்ப்பைக் குடியிருப்பவர் தாமே செய்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்ற கருத்து ஏற்கப்பட்டது. பிற்காலத்தார் இதைப் பெரிதும் மறந்தனர். 1971இல்தான் ஓர் ஆங்கில நீதிமன்றம் அதைத் தூசி தட்டி எடுத்து மீண்டும் உறுதிப்படுத்தியது.

அமெரிக்காவுக்கு வருவோம். குடியேறியவர்களோடு ஆங்கிலச் சட்டமும் கப்பலேறிப் போயிருந்தது. அங்குள்ள நீதிபதிகள் ஒரு சிறு வாசலைத் திறந்தனர். வீட்டுக்காரரின் செயலால் வாழவே இயலாத நிலை உண்டானால், அவர் குடியிருப்பவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதற்கு ஒப்பாகும். ஆதலால் வாடகை நின்றுவிடும் என்றனர். 1826இல் நியூயார்க்கில் இக்கொள்கை வேரூன்றியது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருந்தது. குடியிருப்பவர் வீட்டைக் காலிசெய்து போனால்தான் இப்பாதுகாப்பு கிட்டும். வெப்பமில்லாத வீட்டிலிருந்து குளிர்காலத்தில் குழந்தை குட்டிகளோடு எங்கே போவது? நம் நாட்டு வாசகர்க்கு வெப்ப வசதி என்பது விளங்காத சொல்லாக இருக்கலாம். பனி உறையும் நாட்டில் சூடேற்றும் உலை அணைந்த வீடு என்பது நம்மிடத்தில் கிணறு வற்றிய வீட்டைவிடக் கொடியது.

வீட்டுச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1867இல் நியூயார்க் மாநிலம் அடுக்குக் குடியிருப்புச் சட்டம் இயற்றி, 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும் என்றது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது. ஆயினும் அவை அதிகாரிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான விவகாரமாகவே நின்றன. வீட்டுக்காரர் அபராதம் கட்டுவார். குடியிருப்பவர் முழு வாடகையும் கட்டுவார்.

முதல் பெருந்திருப்பம் 1961இல் விஸ்கான்சின் மாநிலத்தில் நேர்ந்தது. பல்கலைக்கழக மாணவர் சிலர் ஒரு வீட்டைப் பேசி முடித்தனர். வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்து, வேண்டிய சாமான்களும் போட்டுவைப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வந்து பார்த்தால் ஒரே குப்பை. மாணவர்கள் தாங்களே துடைப்பம் எடுத்துப் பார்த்தனர். பிறகு கட்டட அதிகாரி வந்து மின்கம்பி, குழாய், வெப்ப அமைப்பு ஆகியவற்றில் குறை கண்டார். மாணவர்கள் வெளியேறினர். வீட்டுச் சட்டங்களை அமைத்து மக்கள் நலம் காக்க முற்பட்ட காலத்தில், வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற பழைய விதியைக் கட்டி அழுவது பொருந்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் கருதியது. தங்கிய நாட்களுக்கான நியாயமான தொகையை மட்டும் மாணவர் கொடுத்தால் போதும் என்றாயிற்று.

1963ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் ஹார்லெம் பகுதியில், ஜெஸ்ஸி கிரே என்பவர் தலைமையில் கறுப்பின மக்கள் வாடகை நிறுத்தப் போராட்டம் நடத்தினர். வெப்பம் இல்லை, சுடுநீர் இல்லை, எலிகளோ ஏராளம். எலிகளையே சான்றாக நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார்கள். வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் நீதிமன்றத்தில் கட்டும் முறைக்கு நீதிபதி இடங்கொடுத்தார். இது நுட்பமான வழி. பணத்தைச் செலவழித்துவிட்டு வாடகை தரமாட்டேன் என்பவரை நம்புவது கடினம். பணத்தை நீதிமன்றத்தின் பெட்டியில் போட்டுவிட்டுக் கேட்பவரை எளிதில் தள்ள முடியாது. 1965இல் அம்மாநிலம் மேலும் ஒரு படி சென்றது. ஒரு கட்டடத்தில் வாழ்வோருள் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து விண்ணப்பித்தால், வாடகையை வசூலித்துப் பழுதுபார்க்க ஒரு நிர்வாகியை நீதிமன்றம் அமர்த்தலாம் என்று சட்டம் வந்தது.

முறையிடுபவரை வீட்டுக்காரர் வெளியேற்றிவிட்டால் இந்த உரிமைகள் எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே! வாஷிங்டன் நகரில் எட்வர்ட்ஸ் என்ற பெண்மணி சுகாதாரக் குறைகளை அதிகாரிகளுக்கு எழுதினார். அவர்கள் வந்து 40க்கு மேற்பட்ட குறைகளைக் கண்டனர். உடனே வீட்டுக்காரர் 30 நாள் அறிவிப்புக் கொடுத்தார். முறையிட்டதற்குப் பழிவாங்கும் பொருட்டு வெளியேற்றுதல் ஆகாது என்று 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் ஸ்கெல்லி ரைட் என்னும் நீதிபதி.

அவரே 1970இல் ஜாவின்ஸ் வழக்கின் தீர்ப்பையும் எழுதினார். கிளிப்டன் டெரஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 1966 ஏப்ரல் வாடகை கட்டாதவர்மேல் வழக்கு. அங்கே ஏறத்தாழ 1500 விதிமீறல்கள் இருப்பதை மெய்ப்பிக்க அவர்கள் முன்வந்தும் கீழ் நீதிமன்றம் கேட்க மறுத்திருந்தது. ரைட் வயல்வெளிச் சட்டத்தின் வேரையே தொட்டார். நகரத்தில் மாடி வீடு எடுப்பவர் மண்ணை வாங்கவில்லை. சுவர், வெப்பம், வெளிச்சம், காற்று, ஓடும் குழாய், பூட்டக்கூடிய கதவு ஆகியவை சேர்ந்த ஒரு கட்டையே வாங்குகிறார் என்றார். அக்கட்டில் குறை இருப்பின் வாடகையிலும் அதற்கேற்ற பகுதி கழியும். எஞ்சிய பகுதியைக் கட்டிவிட்டால் குடியிருப்பவர் வீட்டைவிட்டுப் போகவும் வேண்டியதில்லை. தனித்தனியாய்க் கிடந்த இரு கயிறுகளுக்கும் முடிச்சு விழுந்தது அன்றுதான்.

அதே ஆண்டு நியூஜெர்சியில் மாதம் 95 டாலர் வாடகை கொடுத்து வந்த ஒரு பெண்மணியின் வழக்கு முடிந்தது. அவர் வீட்டுக் கழிப்பறைத் தொட்டி விரிசல் கண்டு நீர் ஒழுகியது. வீட்டுக்காரருக்குத் தெரிவிக்க முயன்றும் பயனில்லை. குழாய் வேலைக்காரரை அழைத்து 85 டாலர் 72 காசு கொடுத்துச் சரிசெய்தார். இரசீதோடு மீதி 9 டாலர் 28 காசை அனுப்பினார். வீட்டுக்காரர் அவரை வெளியேற்ற வழக்குப் போட்டுத் தோற்றார். ஆனால் நீதிமன்றம் எல்லைகளும் வகுத்தது: இன்றியமையாத வசதியாக இருக்கவேண்டும், முன்னறிவிப்புக் கொடுக்க முயன்றிருக்க வேண்டும், செலவு நியாயமானதாக இருக்கவேண்டும். சுவருக்குப் புது வண்ணம் அடித்து வாடகையில் கழிக்க இவ்வழி உதவாது.

இங்கிலாந்து மெதுவாகவே நடந்தது. குறைந்த வாடகை வீடுகள் வாழத்தக்கவையாய் இருக்கவேண்டும் என்று 1885 முதலே அங்குச் சட்டம் இருந்தது. 1957இல் ஆண்டு வாடகை வரம்பை இலண்டனில் 80 பவுன், பிற இடங்களில் 52 பவுன் என்று வைத்தார்கள். பின்னர் வாடகை ஏறியது, வரம்பு ஏறவில்லை. அந்த வாடகைக்கு வீடே கிடைக்காத காலத்திலும் சட்டம் ஏட்டில் இருந்தது! நீர், வாயு, மின்சாரம், கழிவுநீர், வெப்பம் ஆகியவற்றுக்கான கருவிகளைப் பழுதின்றி வைப்பது, 7 ஆண்டுக்குக் குறைந்த குத்தகைகளில் வீட்டுக்காரரின் கடமை என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வாடகை வரம்பில்லாமல் வாழத்தக்க வீடு என்னும் உரிமை 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. அது 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மாரபிள் குடும்பம் மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி ஓடியதற்கு 176 ஆண்டுகளுக்குப் பின்னர்.