செல்ஃப் மோட்டாரில் இறங்கும் ஆயில்

ஒரு காலத்தில் காரைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர், அதாவது செல்ஃப் மோட்டார், 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. மதுரையில் வேரூன்றிய டி.வி.எஸ்., பிரிட்டனின் லூகாஸுடன் சேர்ந்து 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது, சென்னை பாடி ஆலையில் செல்ஃப் மோட்டார்கள் தயாராயின.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில்தான் காரியாபட்டி இருக்கிறது. கரிசல் புழுதி பறக்கும் இந்தப் பக்கத்தில் பழைய அம்பாசிடரின் செல்ஃப் மோட்டாருக்கு ஆயில் கசிவு பெரிய எதிரி. டாப்பட் கவரின் கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கினால் ஆயில் என்ஜின் உடம்பில் வழிந்து செல்ஃபில் இறங்கும். கிராங்கின் பின்பக்கம் கசிந்தால் கிளட்ச் ஹவுசிங் வழியே செல்ஃபின் பல்சக்கரம் நனையும். ஆயிலோடு புழுதி சேர்ந்து களிம்பாகிவிட்டால், பல்சக்கரத்தை முன்தள்ளும் பென்டிக்ஸ் மரையில் ஓடாது. சாவியைத் திருப்பினால் மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றும். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் நனைந்தாலோ கரண்ட் சரியாகப் பாயாது.

செல்ஃபைக் கழற்றித் துடைத்து மாட்டுவது பாதி வேலைதான். கசிவு எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து கீழாகத் தேடுவதே முறை. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு பேக்கிங்கை மாற்றி, கார்பன் உரசும் கம்யூட்டேட்டரைத் துடைத்து, ஊறிய கார்பனை மாற்ற வேண்டும். பென்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவி உலரவிட்டு அப்படியே மாட்டவேண்டும். அதற்கு ஆயில் போட்டால் மறுபடி புழுதி ஒட்டும்.